இன்னும் இரண்டு முறை

சக்குபள்ளம்
14.9.2025, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

ஜிஸ்மி எழுதுகிறேன். அத்தையும் நானும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் யூகித்து யூகித்து அலுத்துப்போனேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடுதாசி என்னத்துக்கு என்று சிரிப்பீர்கள். போனில் நீங்கள் என் பேச்சைக் கேட்பதில்லை, குரலைக் கேட்கிறீர்கள். எங்கே இழுத்தாள், எங்கே மூச்சு விட்டாள் என்று, போக்கர் சீட்டாட்ட மேசையில் எதிரே இருப்பவனைப் பார்ப்பது போல எடை போடுகிறீர்கள். "ஏதோ மறைக்கிறாய்" என்கிறீர்கள். அது உங்கள் பிழைப்பு, சரி. எனக்கு என் புருஷனோடு பேச வேண்டும். தாளில் நான் எழுதியது மட்டும்தான் இருக்கும்.

ஆகஸ்டில் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் சைட்டுகளை எல்லாம் மூடியபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆறு வருடம் மாடி அறையில் இரண்டு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஆட்டத்தில்தான் இந்த வீடு எழும்பியது, மறுக்கவில்லை. இனியாவது நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குவார் என்று நினைத்தேன். நீங்கள் கோவாவுக்குப் பை கட்டினீர்கள். அங்கே கேசினோவில் உட்கார்ந்து ஆடலாமாம், மூன்றே மாதமாம். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கோயிலில் செபாஸ்டின் அண்ணன் அத்தையிடம் உங்களைக் கேட்டார். "எம்மவன் கம்பெனி வேலையால்லா போயிருக்கான்" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்லிட்டேன். எனக்கும் சேத்து நீ ஒரு செபம் சொல்லு" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நானும் யோக்கியமில்லை. தத்துக்குப் பதிவு செய்தபோது வீட்டைப் பார்க்க ஒரு அம்மா வந்தார்களே, "ஹஸ்பண்டினு எந்தா ஜோலி?" என்று கேட்டதும் ஏலக்காய் வியாபாரம் என்று நான்தான் சொன்னேன். சீட்டாட்டம் என்று சொன்னால் குழந்தை தருவார்களா என்ற பயம். நீங்கள் டீத்தட்டோடு நின்றீர்கள், முகத்தில் ஒரு அசைவு இல்லை. எனக்கே ஒரு நிமிஷம் அது நிஜம் போல இருந்தது.

நாலு வருடமாக வரிசையில் நிற்கிறோம். நம் எண் முன்னால் வந்துவிட்டது. எந்த நாளிலும் அழைப்பு வரலாம். அதற்குள் வந்துவிடுங்கள் அத்தான்.

உங்கள்
ஜிஸ்மி

*

பணஜி
25.9.2025

என் ஜிஸ்மிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குரல் இல்லாமல் உன்னைப் படிப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீ சொன்னது சரி, என் புத்தி அப்படிக் கெட்டுப்போய்விட்டது.

லோகேஷ் என்ற கோயம்புத்தூர்க்காரனோடு ஒரு அறையில் இருக்கிறேன். அவனும் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து ஆடியவன்தான். கேசினோ ஆற்றில் நிற்கும் ஒரு கப்பலில் இருக்கிறது. சுற்றுலா வந்து குஷியில் ஆடுகிறவர்கள்தான் எதிரே உட்காருவார்கள் என்று நம்பி வந்தேன். வந்து பார்த்தால் பாதிப்பேர் சட்டத்தால் வேலை போனவர்கள். எல்லோருக்கும் ஆட்டம் தெரியும், எல்லோரும் வாடகை கட்ட வேண்டும். அவசரக்காரன் ஒருவன் வந்து உட்கார மாட்டானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்தவன் தப்புச் செய்ய வேண்டும் என்று நாள் முழுக்க வேண்டிக்கொள்கிற பிழைப்பு இது. இவ்வளவு நாள் ஸ்கிரீனில் அவன் முகம் தெரியாததால் எனக்கு உறைக்கவில்லை.

உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். சரியாக ஆடினாலும் தோற்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடினால் கடைசியில் வெற்றி சரியாக ஆடியவன் பக்கம் நிற்கும். அதனால் ஒரு ஆட்டத்துக்காக அழக்கூடாது, அடுத்தது வரும். அதுதான் எங்கள் வேதம். மாடி அறையில் மணிக்கு ஐந்நூறு ஆட்டம் போகும். இங்கே இருபத்தைந்து. கெட்ட நேரம் வந்தால் அது கழிய மாதக்கணக்கு ஆகிறது. வந்த நாளிலிருந்து எனக்குக் கெட்ட நேரம்தான். தப்பு எதுவும் செய்யாமல் தோற்றுக்கொண்டிருக்கிறேன். மேசைக்குப் போகுமுன் கழிவறைக் கண்ணாடியில் முகத்தைச் சரி செய்துகொண்டு போகிறேன்.

ஏலக்காய்த் தோட்டத்தில் நோய் விழுந்தால் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து ஐயோ என்று நிற்பார். எனக்கு விழுந்தால் வெளியே காட்டக்கூடாது. காட்டினால் அதை வைத்தே அடிப்பார்கள். உன்னிடம் காட்டலாம்தான். பழக்கம் விட்டுப்போயிற்று.

அம்மாவுக்கு மாத்திரையை நீயே எடுத்துக்கொடு. சாப்பிட்டேன் என்று சொல்வதை நம்பாதே.

உன்
ஜோமோன்

*

சக்குபள்ளம்
4.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது மெசேஜ் வந்தது. உடனே உங்களை அழைத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ம், நல்லாயிருக்கா" என்றீர்கள். பின்னால் மேசையில் பந்தயச் சிப்புகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. வேறு ஏதாவது சொல்வீர்கள் என்று காதில் வைத்துக்கொண்டே நின்றேன். அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

பெண் குழந்தை. பதினான்கு மாதம். பாலக்காட்டில் ஒரு இல்லத்தில் இருக்கிறாள். மொட்டையடித்து முடி இப்போதுதான் முளைக்கிறது. யாரைக் கேட்டு என்னைப் படம் எடுக்கிறீர்கள் என்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். இடது காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அத்தையிடம் சொன்னேன். "அதுக்கென்ன, நான் கத்திப் பேசுதேன். எனக்கும் அந்தக் காதுதான கேக்கல" என்றார்கள். இப்போதே கத்திப் பழகுகிறார்கள்.

நான் போனில் ஏற்பதாக அழுத்திவிட்டேன். முப்பது நாளுக்குள் இருவரும் நேரில் போய்க் குழந்தையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கோவாவிலிருந்து நேராகப் பாலக்காட்டுக்கு வந்துவிடுங்கள். நாங்கள் முதல் நாளே வந்துவிடுவோம்.

இன்னொன்று. மறுபடியும் தொழில் என்ன என்று கேட்பார்கள். இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடலாம். அதனால் தர மாட்டோம் என்றால் அதை நான் தாங்கிக்கொள்வேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றோம் என்று இருக்கும். நீங்கள் வராமல் போனால் மட்டும் தாங்க மாட்டேன். இதை எடை போட வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜிஸ்மி

*

பணஜி
19.11.2025

என் ஜிஸ்மிக்கு,

திட்டாமல் கடைசி வரை படி.

இருபத்தாறாம் தேதி இங்கே ஒரு பெரிய டோர்னமென்ட் தொடங்குகிறது. நான்கு நாள். இந்த இரண்டு மாதமாக என் கைப்பணத்தில் நான் ஆடவில்லை. என் ஆட்டத்தை நம்பிச் சிலர் பங்கு போட்டு ஆட வைத்திருக்கிறார்கள். இதில் உட்காராவிட்டால் என்னைக் கைவிட்டுவிடுவார்கள். ஒரே ஒரு இடத்தில் நன்றாக வந்துவிட்டால் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவேன். நம் மூன்று பேருக்காகத்தான், இனி நான்கு பேருக்காகத்தான், இதைச் செய்கிறேன்.

தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று அவர்களிடம் கேட்டுப் பார். முடியாது என்றால் மனதைத் தளர விடாதே. விதிப்படி மூன்று முறை குழந்தை காட்டுவார்கள் அல்லவா? இன்னும் இரண்டு முறை இருக்கிறது. அடுத்ததற்குக் கண்டிப்பாக உன் பக்கத்தில் நிற்பேன்.

உன்
ஜோமோன்

*

சக்குபள்ளம்
3.12.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகும் கிளம்பினோம். மனசு கேட்காமல் வந்துவிடுவார் என்று அத்தை சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தேதி தள்ளித் தர மாட்டார்களாம். "ரெண்டாளும் வேணம் சேச்சீ, எந்து செய்யான்" என்றார் அந்த ஆபீசில் இருந்த பெண். இரண்டு பேரும் வராமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். நல்ல பெண். வந்துகொண்டிருக்கிறார் என்று நான் சொன்னதும் ஆறு மணி வரை உட்காரவிட்டார். ஆபீஸ் பூட்டும் நேரம்கூடத் தள்ளிப்போயிற்று. உங்கள் போன் அணைந்திருந்தது.

மூன்று மணி வாக்கில் ஒரு ஆயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் போனார். அவள்தான். அதே நெற்றிச் சுருக்கம். அத்தையைப் பார்த்ததும் நின்று முறைத்தாள். அத்தை கத்தவில்லை. மெல்ல, "வாளா" என்றார்கள். அவள் கையை நீட்டினாள். வாங்கக்கூடாது, விதி அப்படி. ஆயா உள்ளே போய்விட்டார்.

பஸ் பொள்ளாச்சி தாண்டும் வரை அத்தை சன்னல் கம்பியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம், "நான் பெத்து வளத்தது சரியில்லளா" என்றார்கள். அப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக என்னை மன்னியுங்கள்.

நாள் கடந்துவிட்டது. இனி அவளை வேறு யாருக்காவது காட்டுவார்கள்.

இன்னும் இரண்டு முறை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். டோர்னமென்ட்டுக்காக வராமல் போனதைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். அவளை எண்ணிக்கையில் வைத்தீர்களே, அதுதான் ஆறவில்லை. நம் நாலு வருடத்தையும் அப்படித்தான் வைத்திருந்தீர்களோ என்று தோன்றிவிட்டது.

ஜனவரியிலிருந்து ஆனைகட்டிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. கன்னியாஸ்திரிகள் விடுதியில் தங்கிக்கொள்வேன். அத்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஜிஸ்மி

*

சக்குபள்ளம்
9.3.2026

என் ஜிஸ்மிக்கு,

டிசம்பரில் நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை. அந்த இரண்டிலும் நான் சொல்லாததை இதில் சொல்கிறேன்.

இருபத்தாறாம் தேதி மதியத்திலேயே நான் தோற்று வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் ரயில் இருந்தது. ஏறியிருந்தால் மறுநாளே பாலக்காட்டில் இருந்திருப்பேன். லோகேஷ்கூட, "ஏனுங் ஜோமோன், ஊட்டுக்குக் கெளம்புங்க, இங்க இனி ஒண்ணுமில்லீங்க" என்றான். மறுபடி பணம் கட்டி உள்ளே நுழையலாம் என்று ஒரு விதி உண்டு. இரண்டு முறை நுழைந்தேன். இருபத்தேழாம் தேதி பகலோடு அதுவும் முடிந்தது. அப்புறம் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். தோற்ற முகத்தோடு அந்தக் குழந்தையின் முன்னால் வந்து நிற்கப் பயமாக இருந்தது. யாராலும் படிக்க முடியாத முகம் என்று பெருமைப்பட்டவன் நான். பதினான்கு மாதக் குழந்தை கண்டுபிடித்துவிடும் என்று பயந்தேன்.

பிப்ரவரியில் வந்துவிட்டேன். அம்மா கதவைத் திறந்து, "வந்தியா" என்று மட்டும் கேட்டாள். இப்போது நம்மூர் டிஜோவின் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்காரர்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி வருவதும் சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. சீட்டைத் தொடவில்லை. நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டுக்கொள்.

சனிக்கிழமை மெசேஜ் வந்தது. உனக்கும் வந்திருக்கும். பையன், இரண்டரை வயது, கோழிக்கோட்டுப் பக்கம். வாய் நிறையச் சிரிக்கிறான். இரண்டு நாளும் உன்னை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அவர்கள் தரும் நாற்பத்தெட்டு மணி நேரம் முடியப்போகும்போது நானே ஏற்பதாக அழுத்திவிட்டேன். ஏப்ரல் எட்டு வரை நாள் இருக்கிறது. நீ சொல்கிற நாளில், நீ சொல்கிற இடத்தில் வந்து நிற்பேன். தொழிலைக் கேட்டால் பழையதையும் புதியதையும் என் வாயாலேயே சொல்கிறேன். நீ வந்தால் போதும்.

உன்
ஜோமோன்

*

ஆனைகட்டி
14.3.2026

அன்புள்ள ஜோமோனுக்கு,

கடிதம் வந்தது. படித்து அழுதேன். அந்த ரயிலை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னதால் உங்கள் மேல் மரியாதை வருகிறது, ஆனாலும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நீங்கள் ஜீப் ஓட்டுவதை நம்புகிறேன். சீட்டைத் தொடவில்லை என்பதையும் நம்புகிறேன். அத்தை போனில் சொன்னார்கள். அத்தையைப் பார்க்க நான் வருவேன், அதை விட மாட்டேன்.

பாலக்காட்டு ஆபீசில் இருந்த பெண்ணை அழைத்து விசாரித்தேன். சொல்லக்கூடாதுதான், சொன்னார். அந்தக் குழந்தை ஜனவரியில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டாளாம். காது நன்றாகவே கேட்கிறதாம்.

பையனின் படம் எனக்கும் வந்தது. நீங்கள் அழைத்தபோதெல்லாம் போன் கையில்தான் இருந்தது. அவனுக்கு நான் அம்மாவாக இருக்கலாம். உங்களோடு சேர்ந்து இருக்க என்னால் முடியவில்லை. முயன்று பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் இன்னும் நல்லபடியாகத்தான் பேசுகிறேன். ஆனால் நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்க்கிற அந்த இடம் எனக்குள் செத்துவிட்டது. அது இல்லாமல் ஒரு குழந்தையை நடுவில் வைத்து நாம் எப்படிக் குடும்பம் நடத்துவது? என்னைத் திரும்ப அழைப்பதற்காக அவனை ஏற்றீர்கள். தெரிந்து செய்திருக்க மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான் செய்தீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் அழுத்திய நேரத்திலிருந்து அவனை வேறு யாருக்கும் காட்ட மாட்டார்கள். என் மனசு மாறுமா என்று ஏப்ரல் எட்டு வரை நீங்கள் காத்திருந்தால், அத்தனை நாளும் அவனும் அங்கே காத்திருப்பான். நான் வர மாட்டேன். ஏற்க முடியவில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வரிசையில் நமக்கு அடுத்து யாரோ இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேரும் கிளம்பி வருவார்கள்.

ஜிஸ்மி