மேஸ்திரியின் டீயும் என் ஒற்றைக்காலும்

எவ்வளவு தூரம் போனாலும் என் திட்டிலிருந்து தப்பாத என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி அன்புடன் எழுதுவது. பிள்ளைகள் இரண்டும் நலம், அத்தையும் மாமாவும் நலம். முதலில் நல்ல சேதி. ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் பெயர் எழுதும் வேலை எனக்கே கிடைத்தது, எழுதியும் முடித்துவிட்டேன். இனி நான்தான் தலைமைப் பெயின்டர். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்!

இதற்காக நான் பட்ட பாட்டை இத்தனை நாள் உங்களிடம் மறைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

எங்கள் மேஸ்திரியின் டீ வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. அவர் மடமடவென்று ஒரு கிளாஸ் டீயைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். நடுவில் காலை ஊன்றியவர் அன்றைக்குச் சாரத்தில் ஏறக்கூடாது. நான் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே, அவர் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து, பக்கத்திலிருந்த நீலப் பெயின்ட் வாளிக்குள் காலை விட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளும் அதே கதை. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி என்னைக் கீழே பெயின்ட் கலக்க உட்காரவைத்தார். தொட்டி வேலை தொடங்கும் நாளில் நீ நிற்காவிட்டால் பிரஷைக் கோணலிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் கோணலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவன் எழுதினால் எழுத்தெல்லாம் பஸ் பிடிக்க ஓடுவதுபோல் சாயும்.

ரோஷம் வந்தால் எனக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டினேன். உங்கள் இரட்டைப் பிள்ளைகள் முறைபோட்டு விழிப்பவர்கள். ஒன்று கண்ணை மூடினால் மற்றது திறக்கும். இரண்டும் சேர்ந்து தூங்கும் கொஞ்ச நேரத்திலும் நான் படுக்காமல் சமையலறையில் ஒற்றைக்காலில் நின்று பழகினேன். பழகப் பழக மோசமாகியது. நடக்கும்போதே கதவு நிலையில் தோள் இடித்தது. பல் துலக்கக்கூட சுவரைப் பிடித்துக்கொண்டேன். தலைக்குள் ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது, பிள்ளைகள் கதி என்ன என்று நடுங்கிப்போனேன். உங்களுக்கு மட்டும் எல்லாம் சுகம் என்று அளந்துகொண்டிருந்தேன்.

அத்தைதான் கவனித்து, டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனார். அவர் காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். சரியாகத் தூங்குகிறாயா என்று கேட்டார். தூக்கமா, அது என்ன விலை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாம் சும்மா நிற்பதாக நினைக்கிறோமே, அது சும்மா இல்லையாம். கண்ணும், காதின் உட்பகுதியும், பாதமும் அனுப்பும் சேதிகளைச் சேர்த்து, மூளை ஓயாமல் உடம்பை நேர் செய்துகொண்டே இருக்கிறதாம். தூக்கம் கெட்டால் அந்த வேலையில் மூளை பின்தங்கிவிடுமாம், உடம்பு தள்ளாடுமாம். கண் திறந்திருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், மூடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு கோளாறு ஒன்றும் தெரியவில்லை, போய் நன்றாகத் தூங்கு என்று அனுப்பிவிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, பால் புட்டியைப் புடிக்க எங்களுக்குக் கையில்லையா, நீ போய்ப் படுடி என்று என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். மாமா ஒரு பிள்ளைக்கே இரண்டு முறை பால் கொடுத்துவிட்டு, மற்றது ஏன் கத்துகிறது என்று திருதிருவென்று விழித்தாராம். எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

தொட்டி வேலையன்று மேஸ்திரி ஆவி பறக்கும் டீயாக வாங்கிவந்தார். நான் கண்ணை மூடிக் காலைத் தூக்கினேன். பக்கத்தில் கோணல் தொம்மென்று காலை ஊன்றியது கேட்டது. ராத்திரியெல்லாம் மேட்ச் பார்த்தானாம். நான் நின்றேன். காற்று அடித்தது, யாரோ தும்மினார்கள், நான் நின்றேன். கடைசியில் மேஸ்திரி, காலை எறக்கும்மா, டீ முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு என்றார். ஆட்கள் எல்லோரும் வாளியைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே ஏறி, என்னைவிட உயரமான எழுத்துக்களை நூல் பிடித்ததுபோல் எழுதினேன். இப்போது எந்தத் தெருவில் நின்றாலும் என் கைவேலை தெரிகிறது. கீழே இறங்கியதும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

பெருமைக்காக மட்டும் இவ்வளவு எழுதவில்லை. போன கடிதத்தில் நீங்கள், சீக்கிரம் ஊர் திரும்ப இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறேன், கிரேன் ஏணியில் கால் வழுக்கியது, புது பூட்ஸ் சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். பூட்ஸ் மேல் பழியைப் போடாதீர்கள். என்னங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த இரண்டாவது ஷிப்டை விட்டுவிட்டுத் தூங்குங்கள். பிள்ளைகள் அப்பாவை இன்னும் சில மாதம் கழித்துப் பார்த்தாலும் போதும். நீங்கள் வாசலுக்கு நடந்து வர, அதுகள் உங்களிடம் ஓடி வரட்டும்.

அவசரமே இல்லாமல் காத்திருக்கும்,
உங்கள் மனைவி