புதைக்கச் சொன்ன முட்டைகள்

1962 ஜூலை 14, சனி

அடைக்கோழிக்கு வைத்த ஆறு வான்கோழி முட்டைகளும் இருபத்துமூன்று நாளாகியும் பொரியவில்லை. எல்லாம் கூமுட்டை, வாழைக்கடியில் புதைத்துவிடு என்று மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் அண்ணன் செங்கோட்டையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தவை. சரி என்றாள். அதன்பிறகு ஐந்து நாளாக என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை.

இன்று சாரலில் நனைந்துகொண்டு வீடு வந்தேன். கூடைக்குள் கீச்சொலி. ஐந்து குஞ்சுகள். ஆறாவது முட்டையின் ஓடு விரிசல்விட்டுக்கொண்டிருந்தது.

“வெதுவெதுப்பான தண்ணியில மிதக்கவிட்டேன். உள்ள உசிரு இருக்கதால ஆடிச்சு. திரும்ப அடைக்கு வச்சிட்டேன். வான்கோழிக்கு இருபத்தெட்டு நாளாம்லா. காலேஜ்ல இதச் சொல்லித் தரலியோ?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா விடுவியளா? புஸ்தகத்தை எடுத்துட்டு வாதாட வந்திருவிய.”

சிரித்துவிட்டேன். ஆறு உயிரைப் புதைக்கச் சொன்னவன் நான். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. அதனால் இன்று நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.