திமிங்கிலம் எந்தப் பக்கம் தூங்கும்?

ஹொனலுலு
12 மார்ச் 1989

அன்பின் தெரேசா,

சுகமாக வந்து சேர்ந்தேன். அறை கிடைத்துவிட்டது, பயிற்சியும் ஆரம்பமாகிவிட்டது. காலையில் மிளகுக் கொடியின் வேரழுகல் பற்றி வகுப்பு, பின்னேரம் ஆய்வுகூடம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, உறைப்புத்தான் இல்லை. நீ கட்டித் தந்த மிளகாய்த்தூளை மருந்து மாதிரிப் பாவிக்கிறேன்.

விமான நிலையத்தில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது மனதிலேயே இருக்கிறது. மடத்துச் சிஸ்டர்மார் சொன்ன பிள்ளை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். வேறொருவர் பெற்ற பிள்ளையை என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு என்னால் வாழ முடியாது. நமக்கு இல்லையென்றால் இல்லை. கடிதத்திலும் அந்தப் பேச்சு வேண்டாம்.

இன்று பூசை முடிந்து வரும்போது நல்ல மழை. ஒதுங்குவதற்கு ஒரு நூதனசாலைக்குள் போனேன். இந்தத் தீவுகளின் பழைய சனங்கள் பாவித்த சாமான்கள், கடல் பிராணிகள், பறவைகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு திமிங்கிலம் தொங்குகிறது. ஆடுகிறவர்கள் காலில் கட்டும் சலங்கை ஒன்று, மணிக்குப் பதிலாக முழுக்க நாய்ப்பல். பறவை இறகால் செய்த மஞ்சள் போர்வையும் உண்டு. நீ வந்திருந்தால் கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றின் முன்னும் நின்றிருப்பாய். நான் மழை விட்டதும் வந்துவிட்டேன்.

அன்புடன்,
ஹெர்பர்ட்


மாத்தளை
9 ஏப்ரல் 1989

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வேண்டாம் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. வேறு சண்டை இருக்கிறது. திமிங்கிலம் தொங்குகிறது என்று ஒரே வரியில் எழுதுகிறவர் யார்? எவ்வளவு பெரியது, எதில் தொங்குகிறது, பக்கத்தில் நின்றால் பயமாக இருக்கிறதா? மழை விட்டதும் வந்துவிட்டேன் என்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம்.

இங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நாளைவிட மூடுகிற நாள்தான் கூட. திறக்கக்கூடாது என்று கடைக் கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஊரே அடைப்பு. யார் ஒட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பின்வீட்டு லோரன்ஸ் கலேவெலைக்கு லொறியில் மரக்கறி ஏற்றப் போகிற நாட்களில் மகள் கொறற்றியை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறான். தாய் அழகம்மா செத்த பிறகு அந்தப் பிள்ளையைப் பார்க்க வேறு யார்? உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “டீச்சர், பல்லெல்லாம் புடுங்கிட்டா அந்த நாய்ங்க அப்புறம் எப்பிடிச் சாப்பிட்டிச்சிங்க?” என்று கேட்டாள். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்து எழுதுங்கள்.

உங்கள்,
தெரேசா


ஹொனலுலு
7 மே 1989

அன்பின் தெரேசா,

உன் ஏச்சுக்குப் பயந்து மறுபடியும் போனேன்.

நாய் விஷயம் முதலில். மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மா ஒருவர் இருக்கிறார், இந்த மண்ணின் சனம், நல்ல உயரம், காதில் பூ. அவரிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் விருந்துக்கு நாயைச் சமைப்பார்களாம், பல் அதற்குப் பிறகுதான் சலங்கைக்குப் போகுமாம். ஆகவே நாய்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கவில்லை. கொறற்றியிடம் இதை எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு.

திமிங்கிலம் நம் வீட்டைவிட நீளம். இரும்புக் கம்பிகளில் தொங்குகிறது. ஒரு பக்கம் வெறும் எலும்பு, மற்றப் பக்கம் காகிதக் கூழால் தோல் செய்து மூடியிருக்கிறார்கள். மூன்று மாடி மண்டபம், ஒவ்வொரு மாடியிலும் சுற்றிவர மரக் கிராதி. மேல் மாடியில் நின்றால் அதன் முதுகைப் பார்க்கலாம்.

மஞ்சள் போர்வைக்கு ஒரு கறுப்புக் குருவியிடமிருந்து இறகு எடுத்தார்களாம். கிளையில் பசை பூசிப் பிடித்து, அதில் இருக்கும் சில மஞ்சள் இறகுகளை மட்டும் பிடுங்கிவிட்டுப் பறக்க விடுவார்கள் என்று அந்த அம்மா சொன்னார். எல்லாக் குருவியும் பிழைத்ததா என்று கேட்டேன். “அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்” என்றார். இப்போது அந்தக் குருவி உலகத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்று. நம் கிணற்றடி ஈரப்பலா இருக்கிறதே, அதே மரத்தைத்தான் இவர்கள் தோணியில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்களாம். கொட்டை இல்லாத சாதி என்பதால் வேர்க்கன்றாகத்தான் கொண்டுவர வேண்டும். உப்புத் தண்ணீர் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்களாம். அங்கே எழுதியிருந்த இதை இரண்டு தரம் வாசித்தேன்.

அன்புடன்,
ஹெர்பர்ட்


மாத்தளை
20 ஜூன் 1989

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். தபால் ஓடுவதில்லை. கோயில் பங்குச் சுவாமி கொழும்புக்குப் போகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஊரடங்கு, கரண்ட் இல்லை, சாப்பிடப் பாண்கூட இல்லை. அதையெல்லாம் எழுதி உங்களைப் பயப்படுத்த மாட்டேன்.

சில கேள்விகள்.

திமிங்கிலம் எந்தப் பக்கம் தூங்கும்? எலும்புப் பக்கமா, தோல் பக்கமா?

மஞ்சள் இறகைப் பிடுங்கிவிட்டால் குருவி முழுக்கக் கறுப்பாகிவிடும் அல்லவா? கூட்டுக்குத் திரும்பி வந்தால் அதன் வீட்டு ஆட்களுக்கு அடையாளம் தெரியுமா?

தோணியில் குடிக்கிற தண்ணீர் குறைந்துபோனால் யாருக்கு முதலில் கொடுப்பார்கள், ஈரப்பலாக் கன்றுக்கா, ஆட்களுக்கா?

சுருக்கமாக எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். சுவாமி வாசலில் நிற்கிறார்.

உங்கள்,
தெரேசா


ஹொனலுலு
16 ஜூலை 1989

அன்பின் தெரேசா,

கேள்விகளோடு போனேன். காதில் பூ வைத்த அம்மாவுக்கு இப்போது என்னைக் கண்டாலே சிரிப்பு. “இன்றைக்கு என்ன கேட்டிருக்கிறார்கள்?” என்றுதான் வரவேற்கிறார்.

எலும்புப் பக்கம் படுத்தால் குத்தும், ஆகவே தோல் பக்கம்தான் என்பது அவருடைய தீர்ப்பு. கன்றா ஆட்களா என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார். கன்றுக்கு என்றால் ஆட்கள் சாவார்கள், ஆட்களுக்கு என்றால் கரைக்குப் போய்ப் பட்டினி கிடப்பார்கள், அதனால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்றார். குருவியின் கேள்வியை மட்டும் குருவியிடமே கேட்கச் சொன்னார். தோற்றம் மாறினாலும் வீட்டு ஆட்கள் குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நானாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது நான் கேட்கிறேன். நீ விஞ்ஞான ஆசிரியை. திமிங்கிலம் எலும்புப் பக்கம் தூங்குமா என்று நீ கேட்க மாட்டாய். கடிதத்தில் கொறற்றியின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, ஆனால் கேள்விகள் எல்லாம் அவளுடையவை. அவள் நம் வீட்டிலா இருக்கிறாள்? லோரன்ஸ் எங்கே?

மறைக்காமல் எழுது.

ஹெர்பர்ட்


மாத்தளை
11 ஆகஸ்ட் 1989

அன்புள்ள உங்களுக்கு,

ஆமாம், நம் வீட்டில்தான் இருக்கிறாள்.

மே மாதக் கடைசியில் லோரன்ஸ் கலேவெலைக்குப் போனான், வரவில்லை. லொறி மட்டும் வழியில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் நின்றது. மிளகாய் மூட்டைகள் அப்படியே இருந்தன. யார் கொண்டுபோனார்கள், காகிதம் ஒட்டுகிறவர்களா மற்றவர்களா, ஒருவருக்கும் தெரியாது. பொலிசுக்கும் போனோம், இராணுவ முகாமுக்கும் போனோம். இதற்கு மேல் கடிதத்தில் எழுத முடியாது.

அழகம்மாவின் அண்ணன் இராமசாமி யட்டவத்தயிலிருந்து வந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறைக்குள் வீடு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கிற மனிதர். வாசலிலேயே நின்று, “டீச்சர், ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க. எங்கிட்ட வந்தா பட்டினிதான் கெடக்கும்” என்று அழுதார். நான் பிள்ளையின் கையைப் பிடித்தேன். உங்களை நினைக்காமல் பிடிக்கவில்லை. நினைத்துக்கொண்டேதான் பிடித்தேன்.

முதல் வாரம் முழுக்க அவள் வாசற்படியில் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்துவந்து, “திமிங்கிலத்தப் படிங்க டீச்சர்” என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அதுதான். கேட்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். நேற்று வேறொன்று கேட்டாள்: “அப்பா லொறியில வருவாரா, நடந்து வருவாரா?” தெரியாது என்றேன். அவளிடம் பொய் சொல்லக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன்.

உங்களிடம் மட்டும் ஏன் மறைத்தேன் என்றால், உங்கள் பதில் எனக்குத் தெரியும் என்பதால்தான்.

தெரேசா


ஹொனலுலு
3 செப்டம்பர் 1989

தெரேசா,

லோரன்ஸுக்காக மனம் வருந்துகிறேன். நல்ல மனிதன். என் சைக்கிளை எத்தனை தரம் திருத்தித் தந்திருக்கிறான்.

ஆனால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். நான் கடல் கடந்து இருக்கும்போது என் வீட்டில் என் முடிவை நீ எடுத்துவிட்டாய். நான் வந்து கதவைத் தட்டும்போது ஒரு பிள்ளை திறக்கும், நான் சரி என்று தலையாட்ட வேண்டும், அப்படித்தானே?

இங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். யோசிக்கிறேன்.

ஹெர்பர்ட்


மாத்தளை
28 செப்டம்பர் 1989

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் நூதனசாலை பற்றி ஒன்றுமில்லை என்று சொன்னால் கொறற்றி நம்பவில்லை. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே ஊதிப் பார்த்தாள். மாமாவுக்கு வேலை கூடிவிட்டது என்றேன். “பாவம்” என்றாள்.

நீங்கள் கேட்டது நியாயம். நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பீர்கள், அதற்குப் பிறகு உங்களோடு வாழ எனக்கு முடிந்திருக்காது. இப்போதும் நான் அனுமதி கேட்டு எழுதவில்லை. தலையாட்டச் சொல்லவுமில்லை. வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் பலாபத்வலையில் அக்கா வீட்டில் ஒரு அறை இருக்கிறது. நானும் அவளும் அங்கே போவோம். வீட்டைத் துப்புரவாக்கிச் சாவியைச் சுவாமியிடம் கொடுத்து வைப்பேன். கோபத்தில் எழுதவில்லை.

உங்கள் மேல் எனக்கு அன்பு குறையவில்லை. திமிங்கிலம் எந்தப் பக்கம் தூங்கும் என்று ஒரு பெரிய மண்டபத்தில் போய்க் கேட்ட மனிதரை எனக்கு முன்பு தெரியாது. அவரை நான் பார்க்க வேண்டும்.

தெரேசா


ஹொனலுலு
22 அக்டோபர் 1989

அன்பின் தெரேசா,

ஒரு மாதமாக நூதனசாலைப் பக்கம் போகவில்லை. இன்று போனேன். காதில் பூ வைத்த அம்மா என் கையைப் பார்த்தார். கேள்வித் தாள் இல்லை. “பிள்ளைக்குச் சுகமில்லையா?” என்று கேட்டார்.

சுகம்தான் என்றேன்.

“யாருடைய பிள்ளை அது?”

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றேன். அவர் நம்பவில்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளை எதற்குச் சமுத்திரம் தாண்டி உனக்குக் கேள்வி அனுப்புகிறது?” என்றார்.

அவரையும் பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தியாம். இங்கே இது பழைய வழக்கம், ஹானை என்று பெயர். தகப்பனின் தங்கை வளர்த்திருக்கிறாள். “அப்படியென்றால் உங்கள் சொந்த அம்மா யார்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டது பிழை என்று உடனே தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் என் பக்கத்தில் யார் இருப்பது என்று இரண்டு கிழவிகளும் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள், நீயே வந்து அவர்களிடம் கேள்” என்றார்.

அவர்களுடைய வழக்கத்தைப் பார்த்து நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் பொய். அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. ஆனால் யாருடைய பிள்ளை என்று கேட்டபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றேனே, அது எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொரு பதிலாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். லோரன்ஸின் பிள்ளை. தெரேசாவின் பிள்ளை. மூன்றாவதையும் ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பலாபத்வலைக்குப் போகாதே. இதனோடு இன்னொரு தாள் இருக்கிறது, அது உனக்கு இல்லை. அவளுக்கு வாசித்துக் காட்டு. ஒரு சொல்லும் மாற்றாதே.

அன்புடன்,
ஹெர்பர்ட்


ஹொனலுலு
22 அக்டோபர் 1989

கொறற்றிப் பிள்ளைக்கு,

போன கடிதத்தில் நூதனசாலை பற்றி எழுதாதது என் பிழை. இன்றைக்கு நத்தைகளைப் பார்த்தேன். இந்தத் தீவில் மரத்தில் வாழும் சின்ன நத்தைகள், விரல் நகமளவு. மஞ்சள், பச்சை, மண்ணிறம் என்று கோடு கோடாக, இனிப்புக் கடைப் போத்தலில் போட்டு வைத்த மாதிரி இருக்கும். ஒரு பள்ளத்தாக்கில் இருப்பது அடுத்த பள்ளத்தாக்கில் இருக்காதாம். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்டு வைக்கிறேன்.

உன் அப்பா எப்போது வருவார் என்றும் எனக்குத் தெரியாது. நான் ஊருக்கு வந்த பிறகு உன்னோடு சேர்ந்து அவரைத் தேடுவேன். விசாரிப்பேன். அவரைப் பற்றி நீ எவ்வளவு வேண்டுமானாலும் என்னிடம் பேசலாம்.

இப்போது முக்கியமான விஷயம். நீ இருக்கிற அந்த வீட்டில் முன்பு நானும் இருந்தேன். டீச்சர் சொல்லியிருப்பார். நான் குறட்டை விடுவேன். காலையில் பத்திரிகை வாசிக்கும்போது யாராவது பேசினால் கோபம் வரும், அதைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். பிள்ளைகளோடு இருந்து எனக்குப் பழக்கமில்லை. டிசம்பரில் அங்கே வந்து உன்னோடும் டீச்சரோடும் இருக்க விரும்புகிறேன். வரலாமா?

அவசரமில்லை, யோசித்துச் சொல். டீச்சரிடம் சொல்லி எழுதுவிக்கலாம், நீயே கிறுக்கினாலும் சரி. உன் பதில் வந்த பிறகுதான் பயணச்சீட்டு எடுப்பேன்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதை நீயே பார்த்துக்கொள்.

ஹெர்பர்ட்