அவருக்கு வேண்டாத செபம்

மார்ச் 3, செவ்வாய்

மழை. கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இவருக்கு இரண்டு கரண்டிதான் இறங்கிற்று. புற்று எலும்புக்கும் போய்விட்டதாம், இனி மருந்து இல்லையாம்.

செபித்துக் கடைசி எண்ணெய் பூசப் பங்குச் சுவாமியைக் கூட்டி வரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம், கிளாரிற்றா. நீர் உமக்குச் செபியும், நான் தடுக்கேல்லை. எனக்காக ஒருத்தரும் செபிக்க வேண்டாம்."

இவருக்குச் செபஸ்தியாம்பிள்ளை என்று ஒரு புனிதரின் பெயர்! ஊரில் கோயிலுக்குள் ஒதுங்கியிருந்த தம்பி ஷெல்லடியில் செத்த நாளிலிருந்து இவர் ஒரு பூசைக்கும் வந்ததில்லை.

மார்ச் 5

மகள் துஷ்யாவிடம் அழுதேன். "அம்மா, அது அப்பான்ர சாய்ஸ். தெளிவாத்தானே சொல்றார்."

சாய்ஸ். மோட்சமும் சாய்ஸோ?

மார்ச் 8, ஞாயிறு

காற்று வாங்க என்று துஷ்யா வெளியே கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் எண்ணூறு வருசத்துக் கல் கோயில். உள்ளே இப்போது கோப்பிக் கடை, வெள்ளிக்கிழமைகளில் யோகா. சுற்றிக்காட்டிய வெள்ளைக்காரப் பெண் சொன்னாள் — அந்தக் காலத்தில் யாராவது சாகக் கிடந்தால் குருவானவர் நற்கருணை அப்பத்தோடு தெருவால் வருவாராம். முன்னால் ஒருவன் மணியடித்துக்கொண்டு போவானாம். சனம் சேற்றிலும் முழங்காலில் நிற்குமாம்.

அன்றைக்கென்றால் ஒரு ஊரே என் பக்கம் நின்றிருக்கும்.

வேண்டாம் என்று சொன்ன இவரை அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 11

இவருக்கு நினைவு தப்பிவிட்டது. சுவாமிக்குப் போன் எடுத்தேன். "இப்ப வந்து எண்ணெய் பூசுங்கோ சுவாமி. அவருக்குத் தெரியவராது."

"அக்கா, அவர் எனக்கே நேர சொன்னவர், வேண்டாம் எண்டு. நினைவில்லாத நேரம் பாத்துப் பூசினா அது களவு மாதிரி. என்னால ஏலாது."

சுவாமிக்கே ஏலாதென்றால் நான் ஆரிட்டப் போறது? ஆரிட்ட?

தீர்த்தத்தில் விரலை நனைத்து நானே இவர் நெற்றிக்குக் கொண்டுபோனேன். தொட முடியவில்லை. கை அந்தரத்தில் நின்றது. பிறகு பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக்கினேன்.

மார்ச் 13

போய்விட்டார்.

மார்ச் 24

தகனம். சிலுவை இல்லை, செபம் இல்லை. துஷ்யா அப்பாவைப் பற்றிப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். பெட்டி உள்ளே போகும்போது வாய் தானாக 'பரலோகத்தில்' என்று செபத்தைத் தொடங்கிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூசைக்கு முன் வாசலில் ஒரு பிள்ளை, மன்றாட்டில் சேர்க்க இறந்தவர்களின் பெயர் கேட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பெற்ற ஐயாவின் பெயர் சொன்னேன். அம்மாவின் பெயர் சொன்னேன்.

"அங்கிள்ன்ர பேர், அன்ரி?"

"அவருக்கு விருப்பமில்லை, பிள்ளை."