சேற்றில் கிடந்த ரப்பர் பாய்

மால்ட்டா, மொன்டானா
ஏப்ரல் 6, 1999, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் லோவெல்லுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் நான் சுகம். நீயும் மருமகள் ரெனேயும் டூசனில் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், சுகமில்லாதவன் அப்படியெல்லாம் கேட்கமாட்டான். அப்பா சுகமா என்று ஒரு வரி போட்டிருக்கிறாய், அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆகையால் பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். தாளில் இருப்பதைச் சிரித்து அழிக்க முடியாது.

உன் கடிதம் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. ஆராதனைக்குப் போய்வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அப்பா இனிமேல் ஓட்டப்போவதில்லை என்று கேள்விப்பட்டாயாம், பிக்கப்பும் அதன் முதுகில் ஏற்றும் கேம்பர் வீடும் சும்மா கிடந்து துருப்பிடிப்பதைவிட ஜூனில் வந்து நீயே எடுத்துக்கொள்கிறாயாம், கேம்பர் ஏற்றினால் வண்டி தேயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அம்மா நோட்டைப் பார்த்து விவரமாக எழுதி அனுப்பவேண்டுமாம். அனுப்புகிறேன். ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கேம்பர் வாங்கிய வருஷம் அதோடு வந்த கையேட்டை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். நான் புரிந்துகொண்டது இதுதான், கவனிக்காமல் விட்டால் கேம்பர் வண்டியைத் தின்றுவிடும். இரண்டாயிரத்து நானூறு பவுண்டு எடை உட்காருகிறது, விளையாட்டல்ல. முதலில் பின்பெட்டியைத் துடைப்பத்தால் கூட்டவேண்டும், ஒரு சின்னக் கல் கிடந்தாலும் அந்த எடையில் தகட்டைத் துளைக்கும். பிறகு ரப்பர் பாய் விரிக்கவேண்டும், பாய் இல்லாவிட்டால் கேம்பர் வெறும் தகட்டில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். பிறகு நாலு மூலைக்கும் நாலு கொக்கி. கொக்கி மாட்டுவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்திய இரும்பில், பெட்டித் தகட்டில் இருக்கும் வளையத்தில் ஒருநாளும் இல்லை, அந்த வளையம் வைக்கோல் கட்டைக் கட்டுவதற்கு, வீட்டைக் கட்டுவதற்கு அல்ல. கையால் முடிந்தமட்டும் இறுக்கியபின் கொக்கியின் திருகாணியை இன்னும் மூன்று சுற்று. அப்பா சுற்றுவார், நான் சத்தமாக எண்ணி நோட்டில் எழுதுவேன். ஐம்பது மைலில் நிறுத்தி இன்னொரு தரம் பார்க்கவேண்டும். பின் ஸ்பிரிங்கின் காற்றுப்பையில் எழுபது பவுண்டு காற்று. அக்டோபர் பிறந்துவிட்டால் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொட்டு இருக்கக்கூடாது, குடிக்கச் சமைக்கக் கேன் தண்ணீர்தான், நிறைந்த தொட்டி முந்நூறு பவுண்டுக்கு மேல், உறைந்தால் பம்பும் போச்சு. வசந்தத்தில் ஒருமுறை, பனிக்கு முன்னால் ஒருமுறை கூரை இணைப்புகளுக்குப் பசை. திரும்பி வந்ததும் கேம்பரை ஜாக்கிக்கால்களில் நிற்கவைத்து வண்டியை உருவிவிடவேண்டும், சுமையோடேயே நிறுத்தினால் ஸ்பிரிங் கூன்போட்டுவிடும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான், அந்தப் பின்பெட்டியில் பெயின்ட்கூட உரியவில்லை. இதில் எது உனக்குத் தெரியாது லோவெல்? ஒன்றும் புதிதில்லை. தெரிந்துதான் செய்தாய்.

நோட்டில் அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை, என் கையெழுத்தில் இருக்கிறது: பெட்டி கூட்டியது, பாய் விரித்தது, நாலு கொக்கியும் சட்டத்தில், தலைக்கு மூன்று சுற்று, தண்ணீர்த் தொட்டி காலி. மறுநாள் நீ மான் வேட்டைக்கு ஆற்றோரப் பள்ளங்களுக்குக் கிளம்பிப் போனாய். நவம்பர் முதல் தேதி, சாயங்காலம் திரும்பி வந்து, வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கு ரொட்டியை நின்றுகொண்டே தின்றாய். கேம்பரை அங்கே இறக்கினாயா என்று அப்பா கேட்டார். “நான் கையே வைக்கலப்பா, நீங்க ஏத்தினது ஏத்தினபடி இருக்கு” என்றாய். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அடுத்த நாள் விமானம் ஏறிவிட்டாய். பத்து நாளில் என் கண்ணைக் காட்ட பில்லிங்ஸ் போகவேண்டியிருந்ததால் அப்பா கேம்பரை இறக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலிலேயே அதில் படுத்துக்கொள்ளலாம் என்று. கிளம்பும்போது நாலு கொக்கியையும் கையால் ஆட்டிப் பார்த்தார், எல்லாம் இறுக்கமாக இருந்தது. அவர் முட்டி குனிய விடாது என்று உனக்குத் தெரியும். குனிந்தால்தானே கொக்கியின் மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியும்.

நவம்பர் 12. ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் வளைவு. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், முப்பத்தைந்து மைல் வேகம்கூட இல்லை. பின்னால் தகரம் கிழிகிற சத்தம், கேம்பர் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது, அதன் மூக்கு எங்கள் தலைக்குமேல் கூரையில் இடித்தது, பின்கண்ணாடி நொறுங்கி என் கழுத்துக்குள் கொட்டியது. அப்பா மேட்டுப்பக்கமாகத் திருப்பி மண்ணில் உரசி நிறுத்தினார். மறுபக்கம் ஆறு. இறங்கிப்போய்ப் பார்த்தவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை, நான் போய்ப் பார்த்தால் கிழிந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலதுபக்க முன்கொக்கி வைக்கோல் வளையத்தோடு பிய்ந்து தொங்குகிறது. பாய் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. “பாயைப் போட மறந்திருக்கேன் ஆர்டிஸ். கொக்கியை வளையத்துல மாட்டியிருக்கேன். உன்னைக் கொன்னிருப்பேன்” என்றார். நான் நோட்டை எடுத்துக் காட்டினேன், பாருங்க, பாய் விரிச்சதுன்னு எழுதியிருக்கேன், நீங்க மறக்கல என்று. அவர் சொன்னார், “நீ வருஷா வருஷம் எழுதுறதையே எழுதியிருப்பே. நான் செஞ்சதைப் பாத்தா எழுதினே?” என்று. இருபத்திரண்டு வருஷத்தில் என் நோட்டை அவர் நம்பாதது அன்று ஒருநாள்தான். அவர் மட்டுமா, அன்றிலிருந்து நானும் என்னை நம்பவில்லை.

குளிர்காலம் எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். இப்படிப் போனது. பிக்கப் சாவியை மேசை இழுப்பறையில் போட்டவர் இன்றுவரை தொடவில்லை. கோயிலுக்குக் காரை நான்தான் ஓட்டுகிறேன், பனியில் பயந்து பயந்து. அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்கிறார், அணைத்ததை நானே பார்த்திருப்பேன், மறுபடியும் கேட்கிறார். உன் பெரியப்பா ஆர்விட் கடைசி மூன்று வருஷம் தன் மனைவி பெயரையே மறந்து கிடந்ததை நீ பார்த்தாய், அது தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார், ஒருநாள் துவைக்கும்போது எடுத்தேன், உன் பெயர், என் பெயர், வீட்டு எண். வருகிற 19ஆம் தேதி திங்கள்கிழமை ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப்போகிறார். பாதிரியாரிடமும் சொல்லிவிட்டார். எழுபத்தொரு வயதில் ஒரு தவறும் செய்யாத மனிதர்.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேள். மார்ச் 23ஆம் தேதி டெல்பர்ட் வந்தார், நீ வேட்டைக்குத் தங்கிய நிலத்துக்குச் சொந்தக்காரர். பனி உருகியதும் வேலிப்பக்கம் கிடந்ததாம், கொண்டுவந்து கோழிக்கூண்டு வாசலில் போட்டார். ரப்பர் பாய். சேறு பாறை மாதிரி அப்பியிருந்தது, சுரண்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஹாஸ்லண்ட் என்று நான் எழுதிய எழுத்து. “உங்க பையன் கேம்பரை இறக்கி வச்சிட்டு வெறும் வண்டியில சுத்திக்கிட்டிருந்தான். அந்தக் களிமண்ணுல அச்சுவரைக்கும் இறங்கிடுச்சு. பாயை எடுத்து சக்கரத்துக்கு அடியில போட்டான், அதையும் சேறு முழுங்கிடுச்சு. நான்தான் டிராக்டர் வச்சு இழுத்து விட்டேன். இழுக்கும்போது வலப்பக்கம் கொக்கி மாட்டுற இரும்பு கல்லுல இடிச்சு மடங்கிடுச்சு. வீட்டுல சொல்லுடான்னேன், அப்பா பாத்துக்குவாருன்னான்” என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், அவன் சொல்லலியா?” என்றார். காபி குடிச்சிட்டுப் போங்க என்றேன். அப்பா அப்போது பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பாயை இழுத்துக்கொண்டுபோய்க் கோழித்தீவனப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தேன், என் கல்யாணத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் நான் மறைத்த ஒரே பொருள் அது.

சேற்றில் மாட்டுவது குற்றமில்லை. அந்தக் களிமண்ணில் உன் அப்பாவே எத்தனை தடவை மாட்டியிருக்கிறார். பாய் போனால் போனது என்று சொல்லியிருந்தால் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு வேறு பாய் வாங்கியிருப்பார். இரும்பு மடங்கியது என்று சொல்லியிருந்தால் அன்றே நிமிர்த்தியிருப்பார். நீ வாயைத் திறக்கவில்லை. விபத்து நடந்து நான் போன் பண்ணிச் சொன்னபோதும் திறக்கவில்லை, “வயசாச்சில்லம்மா, அப்பா இனிமே ஓட்ட வேண்டாம்” என்றாய். அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் தெரியுமா. அதோடு நிற்காமல் இப்போது வண்டியையும் கேட்கிறாய். எட்டாம் கட்டளையை நீ மனப்பாடம் பண்ணியது நான் இப்போது எழுதும் இதே மேசையில். பிறனுக்கு விரோதமாகப் பொய் சொல்லக்கூடாது என்றால் சொல்லாமல் விடுவதும் அதில் சேர்ந்ததுதான் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? உன் அப்பா.

பாயை அவர் முன்னால் நானே விரித்துப் போட்டிருக்கலாம், இரண்டு வாரமாகக் கை அரிக்கிறது. போட்டால் அவருடைய புத்தி அவருக்குத் திரும்பக் கிடைக்கும், மகன் போய்விடுவான். உனக்காக இரக்கப்பட்டு நான் பொறுக்கவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே, உன்மேல் இரக்கம் எதுவும் இப்போது என்னிடம் இல்லை, ஜெபத்தில்கூட உன் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அவர் நம்புவது உன் வாய்ச்சொல்லைத்தான், அதனால் உண்மையும் உன்னிடமிருந்தே வரட்டும். நீ உன் கையால், அவர் பெயருக்கு எழுது. என்ன செய்தாய், எப்படி மறைத்தாய், தண்ணீர் நிரப்பியது யார், மூன்றையும் எழுது. அவசரம், இருட்டு, களைப்பு என்று ஒரு சாக்கும் வரக்கூடாது. 17ஆம் தேதி சனிக்கிழமைத் தபாலில் வந்து சேரவேண்டும். வராவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பாயைச் சாப்பாட்டு மேசைமேல் போடுவேன், சேற்றோடு. வண்டியும் கேம்பரும் உனக்கு இல்லை, ஜூனிலும் இல்லை, நாங்கள் போன பிறகும் இல்லை. பெட்டியைப் பற்றவைத்தாயிற்று, இரும்பை நிமிர்த்தியாயிற்று, புதுப் பாய் வாங்கி அடியில் பெயர் எழுதிவிட்டேன். மே மாதம் கேம்பர் ஏறும். அவர் சுற்றுவார், நான் எண்ணுவேன்.

ரெனேக்கு என் அன்பு, அவளுக்கு இதில் ஒரு பங்குமில்லை என்று நம்புகிறேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக, அதற்குமுன் உன்னை உறுத்துவாராக. சனிக்கிழமையை மறக்காதே.

உன் அம்மா,
ஆர்டிஸ் ஹாஸ்லண்ட்

பி.கு. உறையை ஒட்டப்போகும்போது அப்பா உள்ளே வந்தார். லோவெல்லுக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை: “நான் கட்டின கேம்பரைத்தான் அவன் ஒரு வாரம் அந்தப் பள்ளத்துல ஓட்டிட்டு இருந்தான், ஆர்டிஸ். அது அவன் ஓட்டும்போது கழண்டிருந்தா? நினைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. அப்பாவை மன்னிச்சுக்கச் சொன்னேன்னு எழுது.”