குரல் முதலில், படம் பிறகு

செப். 15, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். இடுப்பு எலும்பு முறிந்து ஏழு வாரம். வாக்கரின் இடது கால் ரப்பர் தேய்ந்து தரையில் கீச்சிடுகிறது.

வாங்க: வாக்கர் ரப்பர் 4, ஓட்ஸ், நீல மை (போன தடவை வேலைக்காரப் பெண் கறுப்பைக் கொண்டுவந்தாள்).

காளவாசலில் குழி தோண்டி, நம் குடியிருப்புக்கு வரும் இரண்டு இன்டர்நெட் வயரில் ஒன்றை அறுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வீடும் மிச்சமுள்ள ஒன்றில்.

11 மணி. நாக்பூரிலிருந்து வீடியோ காலில் அருள், தங்கை ஸ்டெல்லாவின் மகன். ஆஸ்பத்திரி அறை. ஸ்டெல்லாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் மறுபடி வந்துவிட்டதாம். ஜூனில் குரல்வளையை எடுத்தபோது எல்லாம் போய்விட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். பிறகு வயிற்றில் குழாய். செய்யாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், சில மாதம். வியாழன் நண்பகலுக்குள் கையெழுத்து.

"பெரியம்மா, நான் என்ன கேட்டாலும் அம்மா தலையாட்டுது. சிலேட்டைக் குடுத்தா 'உன் இஷ்டம் தம்பி'ன்னு எழுதுது. உண்மைய உங்ககிட்டதான் சொல்லும். நீங்க கேளுங்க."

கேட்டேன். அவன் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். அவள் கைதான் பேச வேண்டும். விடுதிச் சாப்பாட்டு அறையில் நாங்கள் இருவரும் பேசிய பாஷை. அங்கே வாய் திறக்கக் கூடாது. பரிமாறுகிறவள் வந்தால் நெஞ்சில் ஒரு தட்டு: போதும். இரண்டு தட்டு: இன்னும் கொஞ்சம். அறுபது வருடமாக மற்றவர்கள் எதிரில் இப்படித்தான்.

அவள் கையைத் தூக்குவதற்குள் படம் நின்றுவிட்டது. மோவாயும் தலையணையும். குரல் மட்டும் சுத்தமாக வந்தது. ஃபேன் சத்தம். தள்ளுவண்டி. யாரோ இந்தியில் டீ கேட்டார்கள்.

செப். 16, செவ்வாய்

வெயில். பால் திரிந்துவிட்டது.

செல்வம் வந்தார். நெட் பார்ப்பவர், அவனியாபுரம். மாடிப்படி அடியில் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாசலில் நின்றே சொன்னார்:

"பெட்டில கோளாறு இல்ல மேடம். ஒரு வயர்ல இம்புட்டு வீடும் போகணும்ல? நம்ம போட்ட வரிசைப்படிதான் போகுது. ஒங்க குரலு ஆம்புலன்ஸ் மாதிரி, மொத ஆளாப் போயிரும். மொகம் ஷேர் ஆட்டோ. எல்லாரும் போனப்புறம் எடம் இருந்தாத்தான்."

நம்ம போட்ட வரிசை. நான் எழுதியது, போன வருடம், சங்கச் செயலாளராக. தாளை எடுத்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

1. பேச்சு.
2. அலுவலக வேலை.
3. பிள்ளைகளின் பாடம்.
4. படம், பாட்டு, ஏனையவை. நெருக்கடியில் இவை காத்திருக்கும்.
5. விதிவிலக்கு சங்கக் கூட்டத்தில் மட்டும்.

வெளியூர்ப் போன் இணைக்கும் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள் வேறு எப்படி எழுதுவாள்? ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். அழுகிறவர்களுக்கும் வரிசைதான். குரல் போய்ச் சேர்ந்தால் போதும், முகம் ஆடம்பரம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கை தட்டினார்கள். மாடியில் இருப்பவர் மகளின் பரத வகுப்புக்கு விலக்குக் கேட்டபோது, முடியாது என்று நான்கு வரியில் பதில். அதன் நகலும் அதே கோப்பில்.

செல்வம் குரலைத் தணித்து, "ஒங்க வீட்டுப் படத்த மட்டும் ரெண்டாவது வரிசைல ஏத்தி விட்டுர்றேன் மேடம். ரெண்டு நிமிச வேலை. எவனுக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும் என்றேன். முறைப்படி விண்ணப்பிக்கிறேன் என்றேன். பெட்டியைப் பூட்டச் சொன்னேன்.

"ஒங்க இஷ்டம் மேடம். வாரேன்."

மொபைல் சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். நான் தரைத்தளம். லிஃப்ட் கிடையாது.

செப். 17, புதன்

இரவு தூக்கம் சரியில்லை. விண்ணப்பம் ஆறு வரி, காலை எட்டுக்கே தலைவரின் வாட்ஸப்புக்கு. பதில் பத்தரைக்கு: "வணக்கம் மேடம். விதி 5-இன்படி ஞாயிறு கூட்டத்தில் வைப்போம்." கூடவே ஒரு கும்பிடு பொம்மை. கேலியா, மரியாதையா? மரியாதைதான் என்று நினைக்கிறேன். அதுதான் மோசம்.

ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டர் பையன், பைக்கில் சாய்ந்து போனில்:

"மாப்ள, கீழ்வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் இப்ப லைன் கேக்குதாம்டா! அன்னைக்கி நான் மேட்ச் பாக்கக் கேட்டதுக்கு என்னா பேச்சுப் பேசுச்சு... ஞாயித்துக்கிழமை இருக்குடா வேடிக்கை."

நான் ஹெட்மிஸ்ட்ரஸ் அல்ல. ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தினால் கேட்டது தெரிந்துவிடும்.

4 மணி. அருள் கூப்பிட்டான். படம் வந்தது! ஸ்டெல்லா மெலிந்துவிட்டாள். தலை வாரிவிட்டிருக்கிறார்கள், வகிடு கோணல். நேராகக் கேட்டேன்: "ஆபரேஷன், ஸ்டெல்லா. போதுமா, இன்னும் கொஞ்சமா?" அவளுக்குப் புரிந்தது. கண் சிரித்தது. கையைத் தூக்கினாள். நெஞ்சில் வைத்தாள்.

அங்கேயே நின்றது படம். கை நெஞ்சில்.

ஒன்று பார்த்தேன். இரண்டாவது உண்டா?

குரல் சுத்தமாக இருந்ததால் காதைத் திரையில் ஒட்டிவைத்துக் கேட்டேன். துணிமேல் கை படும் சத்தம் வருமா என்று. ஃபேன். ஒரு இருமல், அவளுடையது அல்ல. அவளால் அப்படி இரும முடியாது. மறுபடி கேட்டேன், மூன்று தடவை. படம் அசையவில்லை.

"அருள், அம்மா நெஞ்சில் எத்தனை தடவை தட்டினாள்?"

"நான் பாக்கலயே பெரியம்மா. உங்க முகம் நின்னுபோச்சு, வருதா வருதான்னு போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏன், அதுக்கு என்ன அர்த்தம்?"

சொல்லவில்லை. அவளிடம் மிச்சமிருப்பது அந்தப் பாஷை ஒன்றுதான். அதற்குள் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டாள். ஸ்டெல்லா தூங்கிவிட்டாள்.

இரவு சாப்பாடு: இரண்டு இட்லி. ஒன்று மிச்சம்.

செப். 18, வியாழன்

தூறல். காலை ஏழேகாலுக்குச் செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"அன்று சொன்னீர்களே, அதைச் செய்துவிடுங்கள்."

"எதை மேடம்?"

உண்மையாகவே மறந்துவிட்டார். நான் முழுதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. என் வீட்டுப் படத்தை, யாருக்கும் தெரியாமல், முன் வரிசையில்.

"அடடா, நான் உசிலம்பட்டில கெடக்கேனே மேடம். பெட்டிக்கிட்ட வந்தாத்தான் மாத்த முடியும். சாயங்காலம் வாரேன். கட்டாயம்."

விதி எழுதிய நாளில் நானே சொன்னேன், வெளியிலிருந்து யாரும் பெட்டியைத் தொட முடியாதபடி வையுங்கள் என்று.

9, 10, 10.40: மூன்று முறை கூப்பிட்டேன். ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், போன் உள்ளே கூடாது.

11.50. அருள். குரல் மட்டும், மிகத் தெளிவு. மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"பெரியம்மா, அம்மா இன்னும் ஸ்கேன்லதான் இருக்கு. ஃபாரத்தோட நிக்கிறாங்க. அம்மா என்னதான் சொல்லுச்சு?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான்.

"தெரியவில்லை" என்றேன்.

"உங்களுக்கேவா?"

"எனக்கேதான்."

"சரி பெரியம்மா. நான் கையெழுத்துப் போட்டுர்றேன். என்னால சும்மா வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது."

மகன். வேறு என்ன செய்வான்?

செல்வம் ஆறு மணிக்கு, நனைந்துகொண்டே வந்தார். துண்டு கொடுத்தேன். இரண்டு நிமிடம்தான் ஆயிற்று.

செப். 19, வெள்ளி

வானம் வெளுத்துவிட்டது. 7.10-க்கு அருள். ஆபரேஷன் அறைக்கு வெளியே, தள்ளுகட்டிலோடு நடந்துகொண்டே காட்டினான்.

படம் அப்படியொரு தெளிவு. அவள் புருவத்தில் பழைய தழும்பு, பச்சைத் தொப்பியிலிருந்து நழுவிய நரை, எல்லாம். கழுத்து வரை போர்வை. இரண்டு கையும் உள்ளே, பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது.

"ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கச் சொல்" என்றேன். அருள் கேட்டான்.

மலையாளத்து நர்ஸ். "அய்யோ, எடுக்கக்கூடாது அம்மா. மருந்து போய்க்கொண்டிருக்கு."

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். நான் பார்த்தேன். நடைவழி முடியும் வரை படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.