பூசணம் பூத்த கடலை

12-11-1989, ஞாயிறு

நான் சொல்கிறேன், மகள் அழகுத்தாய் எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். கல்லூரியில் எலிக்கூடம் பார்க்கிற வேல்சாமிக்கு நாட்குறிப்பு எதற்கு என்று பேண்டேஜ் மில்லில் இவளோடு வேலை செய்கிறவர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். எனக்கு எதுவும் மறப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை இறக்கி வைக்காவிட்டால் தலை கனக்கிறது.

இந்த வாரம் விடாத மழை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஆராய்ச்சி செய்கிற மைமூன் தினமும் நனைந்துதான் வந்தது. அதன் எலிகள் பதினெட்டும் சௌக்கியம். ஆறுக்கு வெறும் தண்ணீர். ஆறுக்கு, ஈரலில் கட்டி வரவைக்கிற மருந்து கலந்த தண்ணீர். மீதி ஆறுக்கு அதே மருந்தும், செண்பகத்தோப்புப் பக்கம் நான் பறித்து வருகிற கீழாநெல்லிச் சாறும். சாறு ஈரலைக் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி.

"வெறுந்தண்ணி எலி எதுக்கு தாயி?"

"நல்ல ஈரல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே தாத்தா, கெட்டது தெரியும்."

19-11-1989

மற்றப் பன்னிரண்டுக்கும் மருந்து, சாறு என்று ஏகக் கவனிப்பு. இந்த வெறுந்தண்ணீர் ஆறும் பந்தியில் உட்கார்ந்து இலை விழாத ஆட்கள் மாதிரிப் பார்க்கின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. மைத்துனன் சந்தனம் வீட்டில் ஒரு மூட்டை நிலக்கடலை நனைந்து பூசணம் பூத்துவிட்டது. குப்பையில் கொட்டப் போனான். நாலு படி வாங்கிவந்து, கழுவி, அடுப்போரம் காயவைத்து எடுத்துப்போனேன். புதன்கிழமையிலிருந்து எலிக்கு இரண்டு பருப்பு.

26-11-1989

என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜன்னலோரக் கூண்டு இரண்டிலும் இருக்கிற நாலு எலியும் கம்பியில் மூக்கை நீட்டுகின்றன. மேல்தட்டுக் கூண்டு எனக்கு எட்டாது. ஸ்டூலில் ஏற முழங்கால் விடாது; அதற்குத் தண்ணீர் வைப்பது மைமூன்தான். அதில் இருக்கிற இரண்டுக்கும் கொடுத்துவைக்கவில்லை.

14-1-1990

பொங்கல். அந்த நாலுக்கும் இன்று நாலு நாலு பருப்பு.

4-2-1990

மனசு சரியில்லை. எழுதட்டுமா என்று இவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை எலிகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஈரல் நன்றாக இருந்தால் அதன் நொதி அதற்குள்ளேயே இருக்குமாம். கெட ஆரம்பித்தால் ரத்தத்தில் கசியுமாம். கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே ரத்தம் சொல்லிவிடும் என்று மைமூன்தான் சொல்லித்தந்தது. நேற்று அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அது அழுதது. வெறுந்தண்ணீர் எலிக்கும் கசிகிறது!

பேராசிரியர் பொன்னுராஜ் ஐயா என்னைக் கூப்பிட்டார். "பாட்டில மாத்தி வச்சிட்டீரா வேல்சாமி? மார்ச்சோட இந்தப் பிள்ளைக்கு ஆராய்ச்சி டைம் முடியுது. நல்ல ஈரல்னு காட்ட ஒண்ணு இல்லாம, மத்ததை எல்லாம் வச்சு என்ன செய்ய?"

மாற்றவில்லை என்று சத்தியம் செய்தேன். அதுவும் உண்மைதான்.

"ஆறுமா கெட்டிருக்கு?"

"நாலு தாத்தா."

"மேத்தட்டு ரெண்டும் நல்லா இருக்குமே" என்று வாய் முந்திவிட்டது. மைமூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" சும்மா சொன்னேன் என்று வெளியே வந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

எழுது: கடலைதான் கெடுத்திருக்கிறது. போட்டவன் நான்.

இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எப்பா, மிச்சக் கடலை டப்பால இருக்கே. அதுல துவையல் அரைக்கலாம்னு இருந்தேன்! நாளைக்கே போய்ச் சொல்லீருங்க."

"வேலை போயிரும்ட்டீ."

"போனாப் போகுது. அந்தப் பிள்ளை அழுதுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

6-2-1990, செவ்வாய்

மில்லுக்குக் கிளம்பியவளைப் பத்து நிமிஷம் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

நேற்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஐயா ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பொறவு மைமூன் மெதுவாகக் கேட்டது: "எம்புட்டு நாளா தாத்தா?"

நவம்பர் பதினைந்திலிருந்து சொன்னேன். தினமும் எலிக்கு இரண்டு, பொங்கலுக்கு நாலு, எனக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாள் கிடையாது, அது எந்தெந்த நாள் என்றும். "மெதுவா, மெதுவா" என்று ஐயா எழுதிக்கொண்டே வந்தார்.

அந்தப் பூசணத்தில் ஒரு விஷம் உண்டாம். கழுவினாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. அதுவும் நேரே ஈரலுக்குத்தான் போகுமாம். பாவம் பார்த்துப் போட்டேன். மருந்து குடித்த எலியைப் போல ஆக்கிவிட்டேன் அதுகளை.

"தப்புதான் ஐயா. வேலையை விட்டுப் போயிருதேன்."

"எங்க போறீரு? மேத்தட்டுல ரெண்டுதான் மிச்சம். அதே வயசுல, கை படாத எலி இன்னும் நாலு வேணும். பிறந்த தேதி எழுதின நோட்டு மழைல ஊறி ஒண்ணும் தெரியலை."

நோட்டு எதற்கு? "இந்த ஆறும் ஆடிப்பூரத் தேரன்னைக்குப் பொறந்தது ஐயா. அன்னைக்கே வெள்ளைக் காதுக்காரி பத்துக் குட்டி போட்டா. அதுல அஞ்சு, இதுகளை மாதிரியே ஆணு. வாசப்பக்கக் கூண்டுல கிடக்கு. கடலை வாசமே அதுகளுக்குத் தெரியாது."

மைமூன் சிரித்துவிட்டது. ஐயா சிரிக்கவில்லை. ஆனால் போகவும் சொல்லவில்லை.

18-2-1990

புது எலிகளின் ரத்தம் சுத்தம். மைமூன் சேவுப் பொட்டலம் வாங்கிவந்தது.

11-3-1990

ஈரலைப் பார்க்க எலிகளை அறுக்க வேண்டியதாயிற்று. தெரிந்ததுதான். இருந்தாலும் அந்த நாலின் முறை வந்தபோது வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றேன். கீழாநெல்லி குடித்தவற்றில் கட்டி குறைவாம். மைமூன் ஓடிவந்து சொன்னது.

25-3-1990

மைமூன் ஆராய்ச்சியை டைப் அடித்த தாள்களைக் கட்டாக மேஜையில் கொண்டுவந்து வைத்தது. மூன்று கூட்டமாக இருந்த எலிகள் அதில் நாலு கூட்டமாகிவிட்டன. நாலாவது, கடலைக் கூட்டம். தேதிகள் எல்லாம் வேல்சாமி சொன்னபடி என்று ஒரு வரியும் இருக்கிறதாம்.

ஐயா சந்தோஷத்தில் வறுகடலை வரவழைத்தார். பொட்டலத்தைப் பிரித்து வாயில் போடப் போனவரின் கையைப் பிடித்துவிட்டேன்.

"காட்டுங்க ஐயா."

மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தோலுரித்துப் பார்த்தேன். கறுத்துப்போன ஒன்றைக் குப்பையில் எறிந்தேன்.

"இனிமே தின்னலாமா வேல்சாமி?" என்றார். நான் தலையாட்டிய பிறகுதான் தின்றார்.